மலிவு அரிசியும் மலிவுக் கூலியும்

அரிசி விலை ஏறும்போதெல்லாம் நம் தொழிலாளர் கூட்டங்களில் ஒரு கோரிக்கை எழுகிறது. வெளிநாட்டு அரிசியைத் தாராளமாக உள்ளே விடுங்கள், யார் வேண்டுமானாலும் கொண்டு வரட்டும், விலை தானே இறங்கிவிடும் என்பதே அக்கோரிக்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பால் மரத்தை நம்பிப் பிழைக்கிறவர் சம்பளம் கையில் வந்ததும் முதலில் வாங்குவது அரிசி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருக்கு மலிவான அரிசி வேண்டாம் என்று எந்தச் சங்கம் சொல்லும்? ஆயினும் இக்கோரிக்கையை அப்படியே சங்கத்தின் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள நாம் தயங்குகிறோம். தயக்கத்தின் காரணத்தைத் தோழர்களிடம் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவது நமது கடமை.

2023-ஆம் ஆண்டில் நடந்ததை முதலில் நினைவுக்குக் கொண்டு வருவோம். அவ்வாண்டு ஜூலை 20-ஆம் தேதி இந்திய சர்க்கார் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்யக் கூடாதென்று தடை போட்டது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஐந்தில் இரண்டு பங்கு போல இந்தியாவிலிருந்து வருவது. அங்கே கதவு சாத்தப்பட்டதும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் விலை ஏறிவிட்டது. நம் நாட்டில் அரிசி இறக்குமதி செய்யும் ஏக உரிமை பெற்றிருக்கும் பெர்னாஸ் நிறுவனம், செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. பத்துக் கிலோ பைக்கு மொத்த விலையிலேயே எட்டரை வெள்ளி ஏற்றம். உள்நாட்டு வெள்ளை அரிசிக்கோ கட்டுப்பாட்டு விலை; கிலோ 2 வெள்ளி 60 காசு, பத்துக் கிலோ பை 26 வெள்ளி.

அதன் பிறகு நடந்தது என்ன? உள்நாட்டு அரிசி கடைகளிலிருந்து மாயமாய் மறைந்தது. கிரியான் வயல்களில் ஒரே வாரத்தில் தண்ணீர் வற்றிவிடவில்லை. கெடாவில் கதிர் கருகிவிடவில்லை. விளைந்த நெல் விளைந்தபடிதான் இருந்தது. 26 வெள்ளிக்கு விற்றாக வேண்டிய அரிசியும், அதைவிடப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி கூடுதலாய் விலை போகக் கூடிய அரிசியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்போது, வியாபார உலகத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. பை மாற்றி விற்கிறார்கள், கலந்து விற்கிறார்கள் என்று புகார்கள் கிளம்பின. அதிகாரிகள் ஆலைகளிலும் கடைகளிலும் சோதனை போட்டார்கள். இறக்குமதி அரிசி சாப்பிட்டு வந்தவர்களும் மலிவைத் தேடி உள்நாட்டு அரிசிக்குத் திரும்பியதால் இருந்த கொஞ்சமும் தீர்ந்தது. பேரங்காடிகளில் ஆளுக்கு இத்தனை பைதான் என்று எழுதித் தொங்கவிட்டார்கள். யுத்த காலத்தைப் பார்த்த பாட்டிமார் வாழும் வீடுகளில் அந்த அட்டையைப் பற்றிய பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொன்னி அரிசி சாப்பிடும் நம்மவருக்கு அடி வேறு பக்கமிருந்தும் விழுந்தது. புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை. ஆனால் ஆகஸ்ட் மாதக் கடைசியில் அதன்மேல் நூற்றுக்கு இருபது ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தைச்சுங் 65 என்ற நெல்லோடு மாயாங் எபோஸ் என்ற மலாயா நெல்லை ஒட்டுச் சேர்த்து வந்ததுதான் 1965-இல் இந்நாட்டில் வெளியான மாசூரி. 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியும் அதே ஒட்டின் வழியில் வந்தது. தமிழ்நாட்டு அரிசி என்று நாம் ஆசையோடு கப்பலுக்குக் காத்திருந்து வாங்கும் பொன்னியின் தாய்வழியில் ஒரு பாதி இந்த மண்ணின் நெல்!

இந்திய சர்க்கார் செய்ததை நாம் குறை கூற மாட்டோம். தன் மக்களுக்கு அரிசி விலை ஏறிவிடக் கூடாதென்று அது தன் கதவைச் சாத்தியது. எந்தச் சர்க்காரும் அதைத்தான் செய்யும். 2008-இலும் அப்படித்தான் நடந்தது. 2023 அக்டோபரில் மலேசியாவுக்கென்று 1,70,000 டன் அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் தடையையே எடுத்துவிட்டார்கள். அந்நியன் கதவைத் திறக்கும்போது நமக்குச் சோறு, சாத்தும்போது திண்டாட்டம் என்ற நிலைக்கு நாம் எப்படி வந்தோம் என்பதே கேள்வி. 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாடு சாப்பிடும் அரிசியில் பாதிக்குச் சற்று மேல்தான் நம் வயல்களில் விளைந்தது. மீதியெல்லாம் கப்பலில் வந்தது.

இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. ரப்பர் மரம் இந்நாட்டில் கால் ஊன்றிய நாளிலேயே அதுவும் வந்துவிட்டது. பேராக்கில் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906-இல் முடிந்தது; புக்கிட் மேராவில் தண்ணீரைத் தேக்கிச் சுமார் 70,000 ஏக்கருக்குப் பாய்ச்சினார்கள். பட்டர்வொர்த்துக்கு ரயிலில் போகும் தோழர்கள் அந்த ஏரியின் நடுவே போயிருப்பார்கள். இத்தனை பெரிய திட்டம் அந்நாளில் வேறெங்கும் இந்நாட்டில் இல்லை. ஆனால், ரப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் வயலையும் ரப்பராக்கிவிடும் ஆசை எல்லோரையும் பிடித்துக்கொண்டது. அதைத் தடுக்க 1917-இல் நெல் நிலச் சட்டம் என்று ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் சட்டம். மறு பக்கம் ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் மூட்டை மூட்டையாய் மலிவு அரிசி. பர்மா அரிசி மலிவாய்க் கிடைக்கும்போது இங்கே யார் சேற்றில் இறங்குவார்? யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் மலாயா தின்ற அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்ததாகும்.

அந்த மலிவு அரிசி யாருக்கு லாபமாயிற்று என்பதை நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். லயத்தில் இருந்த நம் பாட்டன்மாருக்கு லாபம் என்று தோன்றும். உண்மை வேறு. தோட்டத்துக் கூலியை நிர்ணயிக்கும்போது ஒரு குடும்பம் உயிரோடு இருக்க என்ன செலவாகும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். அக்கணக்கில் பெரிய இனம் அரிசி. அரிசி மலிந்தால் அந்த மலிவு கூலிக்காரன் மடியில் தங்கவில்லை. துரைமாரின் கணக்குப் புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆண்களின் தினக்கூலியை 50 காசிலிருந்து 40 காசுக்கும், பெண்களுடையதை 40 காசிலிருந்து 32 காசுக்கும் இறக்கினார்கள். அதன் பிறகும் இறக்கினார்கள். அப்போது சொன்ன நியாயங்களில் ஒன்று, வாழ்க்கைச் செலவுதான் குறைந்துவிட்டதே என்பது. அரிசி விலை இறங்கினால் கூலியும் இறங்க வேண்டுமாம். அரிசி ஏறும்போது மட்டும் இந்த நியாயம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மலிவு அரிசி திடீரென்று வராமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அக்காலமே காட்டிவிட்டது. 1918-இல் இந்தியாவில் மழை பொய்த்து விளைச்சல் கெட்டது. பர்மா அன்று இந்திய சர்க்காரின் கீழ் இருந்தபடியால் பர்மா அரிசி வெளியே போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. மலாயாவில் அரிசி விலை ஏறிற்று. சர்க்காரே அரிசியை வாங்கி, நட்டத்துக்கு விற்க வேண்டி வந்தது. 2023-இல் நாம் கண்டது அதே நாடகத்தின் மறுபதிப்பு. பிறகு 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள், கப்பல் நின்றது, தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த கதையை வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கிழங்கும் இல்லாமல் போன வீடுகளும் உண்டு. யுத்தம் முடிந்தும் பங்கீட்டு அட்டை உடனே ஒழியவில்லை. இவ்வளவு பட்ட பிறகுதான் 1949-இல் நெல்லுக்கு உத்தரவாத விலை என்று ஒன்று வந்தது.

நெல்லுக்கு இன்று இருக்கும் உத்தரவாத விலையைப் பார்ப்போம். டன்னுக்கு 1,200 வெள்ளியாக இருந்தது 2023 கடைசியில் 1,300 ஆயிற்று. 2025 ஜனவரியில் விவசாயிகள் திரண்டு 1,800 வேண்டுமென்று கேட்டார்கள். பிப்ரவரி 16-ஆம் தேதி முதல் 1,500 என்று அரசாங்கம் நிர்ணயித்தது. தோழர்கள் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோ நெல்லைக் குத்தினால் அறுபதிலிருந்து அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். 62 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டன் அரிசிக்கு வேண்டிய நெல்லுக்கே ஏறத்தாழ 2,420 வெள்ளி ஆகிறது. அந்த அரிசியைக் கடையில் விற்க வேண்டிய கட்டுப்பாட்டு விலை 2,600. நடுவில் இருக்கும் 180 வெள்ளியில் குத்துக் கூலி, பை, லாரி வாடகை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் அத்தனை பேரும் பிழைத்தாக வேண்டும். கிலோவுக்குப் பதினெட்டுக் காசு! தவிடும் உமியும் கொஞ்சம் விலை போகும். ஈரம், பதர் என்று சொல்லி நெல்லின் எடையில் ஆலைக்காரர் கழிப்பதும் உண்டு. ஆகையால் ஆலைக்காரரின் உண்மைக் கணக்கு நம் கணக்கைவிடச் சற்று நன்றாகவே இருக்கும். அந்தக் கழிவைப் பற்றித்தான் விவசாயி வயிறெரிகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் நிறுக்கும்போது ஈரக் கழிவு, குப்பைக் கழிவு என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்த வயிற்றெரிச்சலை யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்படி நூலில் கட்டித் தொங்கவிட்ட உள்நாட்டு அரிசிக்கு, இறக்குமதி அரிசி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்துதான். வெளி அரிசி ஏறினால் உள்நாட்டு அரிசி பை மாறி ஓடிவிடுகிறது, நமக்குக் கிடைப்பதில்லை. வெளி அரிசி இறங்கினால் உள்நாட்டு அரிசியை வாங்க ஆள் இல்லை. ஆலையில் மூட்டை தேங்குகிறது. தேங்கினால் அடுத்த அறுவடை நெல்லை வாங்க ஆலைக்காரர் கையை இழுக்கிறார். 2025-இல் உலக அரிசி விலை பல ஆண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கிற்று. ஏறியபோது நாம் தவித்தோம். இறங்கும்போது தவிக்கிறவர் வயலில் நிற்கிறவர்.

அவர் யார்? கிரியானிலும் சுங்கை மானிக்கிலும் காடு வெட்டி வயல் கண்டவர்களில் மலாய்க்காரர்களும், போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களும் அதிகம். பாகான் செராய்ப் பக்கம் கத்தோலிக்கச் சபையின் ஆதரவில் குடியேறி நெல் போட்ட தமிழ்க் குடும்பங்களும் பழைய காலத்தில் உண்டு. அவருடைய வருமானம் என்ன? மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். நல்ல போகமாயிருந்தால் நாலரை டன் நெல் கிடைக்கலாம். 1,500 வீதம் 6,750 வெள்ளி. அது ஆறு மாதத்துக்கு; மாதத்துக்கு 1,125. டன்னுக்கு 500 வெள்ளி என்று அறிவித்த விலை மானியத்தைக் கூட்டினால் மாதம் 1,500 வருகிறது. அதிலிருந்து உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், மருந்து, லாரி எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக மீதிதான் வீட்டுக்கு. நிலம் வாடகை நிலமாயிருந்தால் அதற்கும் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நம்மைவிட ஏழையான ஒருவரிடம் போய், ஐயா, எனக்குச் சம்பளம் போதவில்லை, நீர் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொள்ளும் என்று கேட்பதுதான் மலிவு அரிசிக் கோரிக்கையின் உள்ளர்த்தம். அவர் மலாய்க்காரர், நாம் தமிழர், கடைக்காரர் சீனர் என்று மூன்று பேரையும் மூன்று பக்கம் திருப்பி வைக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான கோரிக்கை வேறில்லை.

சரி, விவசாயி கேட்கிற 1,800 வெள்ளியைக் கொடுத்தே விட்டால் நம் குடும்பத்துக்கு என்ன கூடுதல் செலவு ஆகும்? அதையும் பார்த்துவிடுவோம். நெல் டன்னுக்கு 300 வெள்ளி ஏறினால் அரிசி டன்னுக்கு 484 வெள்ளி ஏறும். கிலோவுக்கு 48 காசு. மாதம் மூன்று பை, அதாவது முப்பது கிலோ அரிசி பொங்கும் குடும்பத்துக்கு மாதம் 14 வெள்ளி 50 காசு. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 56 காசு. நமக்கும் நெல் விவசாயிக்கும் நடுவில் உள்ள வழக்கு முழுவதும் இந்த 56 காசுதான்! இதை அவர் மடியிலிருந்து பிடுங்குவதா, நாம் உழைத்துக் கொடுக்கிற முதலாளியிடம் கேட்டு வாங்குவதா? தொழிற்சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு சந்தா கட்டுவது பின் எதற்காக?

இதற்கு ஒரு மறுப்பு வரும். சம்பளம் எப்போது ஏறுமோ, அடுப்பு இன்றைக்கு எரிய வேண்டுமே என்று தாய்மார் கேட்பார்கள். கேட்பது சரிதான். சம்பளம் கூட்டும் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. அரிசி விலை ஒரே இரவில் ஏறுகிறது. ஆகையால், விலை திடீரென ஏறும் காலங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் நேராக உதவ வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால், உதவியைப் பைக்குள் வைத்துத் தைத்தால், அதாவது அரிசி விலையையே செயற்கையாய் அமுக்கி வைத்தால், அது ஏழை வீட்டுக்குப் போகிறதா, உணவுக் கடைக்காரரும் பணக்காரரும் வாங்கும் பைக்குப் போகிறதா என்று யாரும் சொல்ல முடியாது. 26 வெள்ளிப் பை எங்கே போயிற்று என்று 2023-இல் யாராலும் சொல்ல முடிந்ததா?

இனி இறக்குமதிக் கதவைப் பற்றி. 1971-இல் அமைந்த தேசிய நெல், அரிசி வாரியத்தின் பொறுப்பில் இருந்த வேலை 1994-இல் பெர்னாஸ் என்ற நிறுவனமாக்கப்பட்டு, 1996-இல் தனியார் கைக்குப் போயிற்று. இறக்குமதி ஏக உரிமை அதனிடமே இருக்கிறது. காலக்கெடு 2011-இல் முடிய வேண்டியது 2021 வரை நீண்டது. 2021-இல் முடிய வேண்டியது 2031 ஜனவரி வரை நீண்டிருக்கிறது. உரிமைக்குப் பதிலாகக் கடமைகளும் உண்டு. அவசர காலத்துக்கு அரிசி இருப்பு வைக்க வேண்டும். வாங்க ஆளில்லாத நெல்லை உத்தரவாத விலைக்கு வாங்க வேண்டும். விவசாயிகளின் மானியத்தைப் பட்டுவாடா செய்ய வேண்டும். இறக்குமதியில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டு இந்தச் சுமையைத் தாங்குவது என்பதுதான் ஏற்பாடு. ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில், இறக்குமதி லாபத்தில் ஒரு பகுதியை ஏழை நெல் விவசாயிகளுக்குக் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நல்லது. ஆனால், ஒப்புக்கொண்டு கொடுப்பது வேறு, கணக்குக் காட்டிக் கொடுப்பது வேறு. எந்த நாட்டிலிருந்து, எத்தனை டன், என்ன விலைக்கு வாங்கியது, என்ன விலைக்கு விற்றது, இருப்புக்கும் விவசாயிக்கும் எவ்வளவு செலவழித்தது என்ற விவரம் ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளிவர வேண்டும். தோட்டத்தில் ஒரு மங்குப் பால் குறைந்தால் பிரட்டுக் களத்தில் நிற்க வைத்துக் கேட்கிறார்கள். தேசத்தின் சோற்றுப் பானைக்குக் கணக்குக் கேட்பது தவறாகாது.

அப்படியானால் ஏக உரிமையை உடைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம் என்று ஆக்கினால் என்ன என்று கேட்கிறவர்கள் பிலிப்பைன்ஸ் தேசத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 2019-இல் அதைத்தான் செய்தார்கள். அரசாங்க ஸ்தாபனத்தின் இறக்குமதி உரிமையை எடுத்துவிட்டு, நூற்றுக்கு 35 வரி கட்டி யாரும் அரிசி கொண்டுவரலாம் என்று சட்டம் இயற்றினார்கள். அரிசி வந்து குவிந்தது. அவ்வாண்டே வயலில் நெல் விலை சரிந்து விவசாயிகள் கதறினார்கள். கடையில் அரிசி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை; நடுவில் உள்ளவர்கள் கையை நனைத்துக்கொண்டார்கள். பிறகு 2024-இல் விலை ஏறுகிறது என்று வரியை 15 ஆகக் குறைத்தார்கள். 2025-இல் நெல் விலை மீண்டும் விழவே, செப்டம்பர் 1 முதல் 60 நாளைக்கு இறக்குமதியையே நிறுத்தி வைத்தார்கள். திறந்து, இன்னும் அகலத் திறந்து, பின் பதறிச் சாத்திய கதை. ஆனால், அச்சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வசூலாகும் இறக்குமதி வரியிலிருந்து ஆண்டுக்கு 1,000 கோடி பேசோ விவசாயிகளின் விதைக்கும் இயந்திரத்துக்கும் போக வேண்டுமென்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். வருவது எவ்வளவு, போவது எங்கே என்று அங்கே யாரும் கேட்கலாம். ஒரு கம்பெனி கொண்டுவருகிறதா, பத்துக் கம்பெனி கொண்டுவருகிறதா என்பதைவிட, கதவருகே வசூலாகும் பணம் வயலுக்குத் திரும்புகிறதா என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் பாலுக்கும் இந்தக் கதை உண்டு. ஒரு காலத்தில் உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாடு, இன்று தான் உற்பத்தி செய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வெளியிலிருந்து தருவிக்கிறது. கையுறைத் தொழிற்சாலைக்குத் தாய்லாந்துப் பால் வருகிறது. ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவின் ஒட்டுப்பால்கூடக் கப்பலேறி வருகிறது. இங்கே வெட்ட வேண்டிய மரங்கள் வெட்டாமல் நிற்கின்றன. பேராக்கில் எத்தனை ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களில் பலர் பிறந்த லயமே இன்று இல்லை. மலிவாக வெளியில் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உள்ளூர்க்காரன் உழைப்பைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாமே சாட்சி. அதே காரணத்தை நெல் விவசாயிக்கு எதிராக நாம் சொல்லலாமா?

ஆகவே, சங்கம் கேட்க வேண்டியது என்ன என்பதில் நம் யோசனை இது. ரப்பர் தோட்டச் சம்பள ஒப்பந்தங்களில் நெடுங்காலம் ரப்பர் விலையோடு கூலியைக் கட்டி வைத்தார்கள். பால் விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அரிசி விலையோடு ஏன் கட்டக் கூடாது? அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் முன் வைக்கும் கோரிக்கைகளில், பத்துக் கிலோ அரிசியின் விலை இத்தனை வெள்ளி ஏறினால் நாட்கூலி இத்தனை காசு ஏற வேண்டும் என்ற ஒரு ஷரத்து இருக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசீலிக்க வேண்டுமென்று தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் சொல்கிறது; அந்த மன்றத்தின் முன்னும் இதை வைக்க வேண்டும். கூடவே, நெல் விவசாயிகளின் சங்கங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் 1,800 கேட்கும்போது நாம் எதிர்க்கவில்லை என்றும், நாம் சம்பளம் கேட்கும்போது அவர்கள் நம் பக்கம் நிற்க வேண்டும் என்றும் முகத்துக்கு முகம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஈப்போவிலிருந்து பாரிட் புந்தார் ஒன்றும் வெகு தூரம் இல்லை.

இதற்கெல்லாம் வெறும் பேச்சு போதாது, கணக்கு வேண்டும். மேலே நாம் மூன்று பை என்று சொன்னது ஓர் உத்தேசம். உண்மையில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டில் மாதம் எத்தனை கிலோ பொங்குகிறது, எந்த அரிசி, பொன்னியா வெள்ளையா, எந்த விலைக்கு வாங்குகிறார்கள், 26 வெள்ளிப் பை கண்ணில் படுகிறதா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு எழுதப்பட வேண்டும். எழுதத் தெரியாத மூத்த தோழர்களுக்குக் கிராணிமார் எழுதிக்கொடுத்து உதவ வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கடை ரசீது இருந்தால் அதையும் சேர்த்துப் பின் குத்துங்கள். மூன்று மாதத்துக் கணக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு கிளைச் செயலாளரும் அத்தாள்களைத் திரட்டித் தலைமையகத்துக்கு அனுப்பினால், நிர்வாகத்தின் எதிரே உட்காரும் நம் பிரதிநிதிகள் கையில் அது இருக்கும்.